அடையாள வேலைநிறுத்தம்

மெஷின் யோசிக்கிறது என்கிறான் பிரசன்னா. யோசிக்கட்டும். மேசை நடுவில் திறந்து வைத்த லேப்டாப்பில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அறையில் உள்ள ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், சன்னதியில் திரை விலகக் காத்திருப்பவர்கள் மாதிரி, நானும்கூட, திரைக்கு எதிராகவே பல கோயில் வாசல்களில் நின்று பேசியவன். வேர்வையில் சட்டை பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அசைந்தால் பிய்த்துக்கொண்டு வரும், அதனால் அசையவில்லை. சமரச அதிகாரியின் அறை. எத்தனை தரம் வந்திருப்பேன். முன்பெல்லாம் மர நாற்காலி, மூட்டைப்பூச்சி இருக்கும், மூட்டைப்பூச்சி நிர்வாகத் தரப்பு தொழிலாளர் தரப்பு என்று பார்ப்பதில்லை, அரசாங்கத்தில் நடுநிலையாக இருப்பது அது ஒன்றுதான் என்று ஒருமுறை சொன்னேன், அப்போதிருந்த அதிகாரி சிரித்தார். இப்போதிருக்கும் சாந்தகுமாரி அம்மா சிரிக்கமாட்டார். கெட்டவர் இல்லை, மாலைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம் முகத்தில். என் வலப்பக்கம் சுகுணா. எதிரே பிரசன்னா, கம்பெனியின் மனிதவள மேலாளர், என் மகளைவிடச் சின்னவன். அவனுக்கு அடுத்து சோய், கொரியாவிலிருந்து வந்த நிர்வாகி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. சோய்க்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கொரிய மொழி தெரியாது, இரண்டும் தெரிந்த ஒரே ஆள் மேசைமேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் மைக்கில் சொன்னதற்கு அது பச்சை காட்டினால் சுகுணாவுக்கு வேலை திரும்பும். சிவப்புக் காட்டினால் அவள்மேல் போலீஸ் புகார், கம்பெனியின் கம்ப்யூட்டரைத் தாக்கச் சதி செய்தாள் என்று. கார்களுக்கு ஒயர் கட்டுகிற பெண். அவள் வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அரசாங்கம் தம்பிக்குக் கொடுத்தது, அதன்மேல் இப்போது இட்லிமாவு கிரைண்டர் நிற்கிறது.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. அடையாள. அடையாள வேலைநிறுத்தம் என்று நான்தான் எழுதினேன். பிற்பகலில் கொடுத்துவந்த ஓய்வு இடைவேளையைப் பறித்துக்கொண்டார்கள், லைனில் நிற்கிற பெண்கள் சுவரில் சாய்ந்து மூச்சு விடுகிற அந்தக் கொஞ்ச நேரம், அதைத் திருப்பிக் கொடு, கொடுக்காவிட்டால் வியாழக்கிழமை அடையாள வேலைநிறுத்தம். இந்த ஊரில் எந்த பஸ் டிரைவரைக் கேட்டாலும் சொல்வான், பேப்பர் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வான், ஒரு நாள் நிற்பது, மறுநாள் போவது, கோபம் இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும். சுகுணா அதை ஒழுங்காகச் செய்ய நினைத்தாள், முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் அல்லவா, அதனால் கம்பெனியின் குறைதீர்ப்புச் செயலியில் தன் பெயரைப் போட்டு நோட்டீஸை ஏற்றினாள். அதற்குள் போவதை முதலில் படிப்பது மனிதன் இல்லை, இந்த மெஷின். படித்துக் கொரிய மொழியில் மாற்றிக் கடல் தாண்டி அனுப்பிவிடுகிறது. அது இப்படிப் படித்திருக்கிறது: அடையாளம் என்றால் அடையாள அட்டை, கேட்டில் காட்டினால் கதவு திறக்கிற கார்டு, கார்டுக்குப் பின்னால் இருக்கிற ரகசிய எண்கள். நிறுத்தம் என்றால் நிறுத்துவது. ஆக, வியாழக்கிழமை எல்லாக் கேட்டிலும் ஆள் சரிபார்க்கும் ஏற்பாட்டை முடக்கப்போகிறார்கள், அனுப்பியவர் சுகுணா. ஆங்கிலத்தில் போட்டிருந்தாலும் இதே கூத்துதான் சார் என்றான் பிரசன்னா, அந்த ரகசிய எண்ணுக்கும் டோக்கன் என்றுதான் பேர், டோக்கன் ஸ்ட்ரைக் என்றாலும் அதற்கு டோக்கன்மேல் தாக்குதல்தான். அன்று சாயங்காலமே அவள் கார்டு செத்தது. உள்ளே போகும்போது அல்ல, வெளியே வரும்போது. ஷிப்ட் முடிந்து எல்லாரும் போக, இவள் மட்டும் கேட்டில் தேய்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள், தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு. வேலையை நிறுத்தப்போகிறவளை வேலை இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். செக்யூரிட்டி வந்து பையைக் கொட்டிப் பார்த்து, பிறகு கூட்டிக்கொண்டுபோய் எழுதி வாங்கி, சஸ்பெண்ட். கூட வேலை செய்கிற பெண்கள் ஹேக்கர் அக்கா என்று கூப்பிடுகிறார்களாம். முதல் நாள் அவளும் சிரித்தாளாம். அடுத்த மாதம் அவளை நிரந்தரம் ஆக்க வேண்டியது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டவர்கள் உண்டு, பார்த்தவர்கள் குறைவு. அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

எனக்குப் பிடிக்காத சொல் வேறு அது. அடையாள. நான் எழுத நினைத்தது காலவரையற்ற என்று. கமிட்டியில் ஒத்துக்கொள்ளவில்லை, இப்ப இருக்கிற பசங்க ஒருநாளைக்கே யோசிக்கிறாங்க தோழர் என்றார்கள், சரி என்று பேனாவை எடுத்து, காறித் துப்புகிற மாதிரி அந்தச் சொல்லை எழுதினேன். காலவரையற்ற என்று எழுதிய நாட்களை எனக்குத் தெரியும். அடுப்பு எரியாத தெருக்களைத் தெரியும். அந்தச் சொல்லை இன்று காலை இந்த அம்மா ஏதோ ஆர்வத்தில் மெஷினில் போடச் சொன்னார், காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று போட்டால் என்ன சொல்லும் பார்ப்போம் என்று, போட்டார்கள், வளையம் சுற்றியது, பச்சை வந்தது. காலவரம்பு குறிப்பிடப்படவில்லை, அமைப்புகளில் சரிசெய்யவும், அபாயம் ஏதும் இல்லை. பிரசன்னா சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எந்தச் சொல்லுக்குத் துப்பாக்கியோடு வேன் வேனாக வந்து இறங்கினார்களோ அந்தச் சொல் அதற்கு ஒன்றுமில்லை, எவனும் பயப்படாத இந்தப் பிச்சைக்காரச் சொல்லுக்கு அது நடுங்குகிறது.

சுற்றுகிறது இன்னும். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்கிறான். டீ வந்தது, ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது, குடித்தால் உதட்டில் ஒட்டும். எல்லா மெஷினும் இப்படி இல்லை சார், இதை மூன்று வேலைக்கென்று தனியாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று காலையில் விளக்கினான். எங்கேயோ பெரிதாக வளர்ந்த மெஷின், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது, அதை எடுத்துவந்து கம்பெனி மறுபடி பழக்கியிருக்கிறது: கம்ப்யூட்டருக்கான நிரல் எழுத, பாதுகாப்புக்குக் காவல் இருக்க, கொரிய மொழியில் எழுதப் படிக்க. அந்த மூன்றில் அதை யாரும் அடித்துக்கொள்ள முடியாதாம். அப்போது தமிழ் என்று கேட்டேன். "தமிழ் அதுக்குச் சொல்லிக்கொடுக்கல சார். முன்னாடியே கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருந்தது." அந்த வாக்கியம் காலையிலிருந்து பல்லில் சிக்கிய நார் மாதிரி இருக்கிறது. முன்னாடியே கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மேற்கொண்டு படித்ததெல்லாம் மில் வாசலில். மஞ்சள் காகிதம், ரோஸ் காகிதம், கை பட்டால் மை ஒட்டும், கூட்டம் கலைந்தபின் கீழே கிடப்பதைப் பொறுக்கி மண்ணைத் தட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கடியில் வைத்துப் படிப்பேன், உபரி என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்க ஆள் கிடையாது, பத்து அறிக்கையில் அது வந்தபின் தானாகவே விளங்கியது. காலேஜ் படித்தவன் என் முன்னால் நிற்கமுடியாது என்று இருந்தது ஒரு காலத்தில், வக்கீல்கள் என் நோட்டீஸை வாங்கிவைத்துப் பார்த்து மனு எழுதுவார்கள். அதெல்லாம் உண்மை, யாரும் மறுக்க முடியாது. ஆனால் நான் பழகியது எத்தனை பாடம். எதிரி யார், துரோகி யார், எப்போது எழுந்து நிற்க வேண்டும். இந்த மூன்று. மற்றதெல்லாம், மழை, சாப்பாடு, பிள்ளைக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் கை வைப்பது, அதெல்லாம் முன்னாடியே கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தேன், பிறகு வந்த பாடம் அதையெல்லாம் மூடிவிட்டது. ரசத்தில் உப்பு போதவில்லை என்று சொன்னால்கூட உனக்கு அதில் ஒரு சதி தெரியுமே என்பாள் என் மனைவி திலகம். இப்போது அம்பத்தூரில் மகளோடு இருக்கிறாள். உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, மாடிப்படி ஏறமுடியவில்லை, அவ்வளவுதான் என்கிறாள். நான் அதையும் நம்பவில்லை. அதிலும் எனக்குச் சிவப்பு. பிடிக்கவில்லை, இந்த நினைப்பு பிடிக்கவில்லை. நான் மனுஷன், அது தகரம். தகரமும் இல்லை, தகரத்தை ஒரு மரியாதைக்காவது தட்டிப் பார்க்கலாம்.

வந்துவிட்டது. சிவப்பு. நான் சொன்னது ஒரே வாக்கியம், மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, எத்தனை மேடையில் சொன்னது: இது நிர்வாகத்தின் கண்ணைத் திறப்பதற்கான ஒரு எச்சரிக்கை நடவடிக்கை மட்டுமே. திரையில் கொரிய எழுத்து, கட்டம் கட்டமாக, வட்டம் வட்டமாக. பிரசன்னா ஏதோ அழுத்தித் தமிழுக்குத் திருப்பிப் படித்தான், படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. நிர்வாகத்தின் கண்காணிப்புக் கேமராக்களைத் திறக்கப்போவதாக எச்சரிக்கை விடுத்துள்ளார். சோய் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். பிரசன்னா அவரிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் சொன்னான், அப்படி இல்லை, இது அவர்கள் பேசும் முறை என்று. சோய் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், கேட்டுவிட்டு லேப்டாப்பைக் காட்டினார். தலைமை அலுவலகத்தில் பிரசன்னா சொல்வது செல்லாது. சோய் சொல்வதும் செல்லாது போலிருக்கிறது. மெஷின் சிவப்பு என்றதை மெஷின்தான் பச்சை என்று மாற்ற வேண்டும், அதுவும் நோட்டீஸ் எழுதியவன் குரலில் கேட்டு. என் குரல். எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்கிறது, வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம், ஒப்புக்கொள்ளக்கூடாதது. நான் எழுதியதைப் படித்து யாராவது பயந்து எவ்வளவு காலம் ஆகிறது. அந்தக் கம்பெனிச் சுவருக்கு முன்னால் நின்று எத்தனை வாயிற்கூட்டம் பேசியிருக்கிறேன், சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள், கொரியாவிலும் அப்பா அப்பாதான், அங்கே நா என்றால் இங்கே நான், நாம் ஒரே குடும்பம் என்று. எந்த அப்பனாவது பிள்ளையை உள்ளே வைத்து கேட்டைப் பூட்டுவானா என்று கேட்டேன், கைதட்டினார்கள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கைதட்டினார்கள், கம்பெனி பஸ் வந்ததும் பாதி வாக்கியத்தில் ஓடினார்கள். நான் கொடுத்த நோட்டீஸில் வேர்க்கடலை மடித்து விற்கிறான் ஒருத்தன், வாங்கித் தின்றிருக்கிறேன். இது ஒன்றுதான் வரி விடாமல் படித்திருக்கிறது. ஒரு சொல்லையும் தள்ளாமல், எல்லாவற்றையும் நெஜம் என்று எடுத்துக்கொண்டு. கடைசியில் எனக்குக் கிடைத்த வாசகன்.

இன்னொருமுறை சொல்லுங்கள் ஐயா, கொஞ்சம் நிதானமாக என்றார் சாந்தகுமாரி அம்மா. நிதானமாகவே சொன்னேன். எச்சரிக்கை என்ற சொல்லை எடுத்துவிட்டேன், கண்ணை எடுத்துவிட்டேன், நாற்பது வருஷம் போட்ட சட்டையின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற மாதிரி இருந்தது. தொழிலாளர்கள் ஒரு நாள் மட்டும், முற்றிலும் அமைதியான முறையில், ஆலையின் இயக்கத்தை நிறுத்தி வைப்பார்கள். அமைதியான என்பதை அழுத்திச் சொன்னேன். வளையம். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைக்கிறார்கள், கிளம்பவில்லை, மறுபடி உதைக்கிறார்கள். சுகுணா துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டி விரிக்கிறாள், விரல் நுனியெல்லாம் ஒயர் கீறிய தழும்பு, அந்த விரல்கள் சும்மா இருந்து பழகவில்லை. கம்பெனிக்குள் அவளுக்குத் தெரிந்த கொரிய வார்த்தை ஒன்றே ஒன்று என்று சொல்லியிருக்கிறாள், சீக்கிரம் சீக்கிரம் என்று சூப்பர்வைசர்கள் கத்துவது, அது காதில் பல்லி பல்லி என்றுதான் விழுமாம். புதிதாகச் சேர்ந்த நாளில் எந்தச் செவுத்துல சார் என்று நிமிர்ந்து தேடியிருக்கிறாள். சிவப்பு. மறுபடி சிவப்பு. பிரசன்னா படித்தான்: தொழிலாளர்கள் ஒரு நாள் முழுவதும், சத்தமே இல்லாமல், எல்லா இயந்திரங்களையும் முடக்குவார்கள். முன்னதைவிட அடர்த்தியான சிவப்பு என்று எனக்குத் தோன்றியது. சோய் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சாந்தகுமாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்து, இன்னொருமுறைதான் ஐயா, அதற்குமேல் பேச்சுவார்த்தை முறிந்தது என்று எழுதவேண்டிவரும் என்றார், வருத்தமாகத்தான் சொன்னார். முறிந்தது. எத்தனை முறிவுகளை மாலையோடு கொண்டாடியிருக்கிறேன், முறிந்தது என்றால் அடுத்தது களம், வெளியே வந்து கையை உயர்த்தினால் கூட்டம் உறுமும். இப்போது வெளியே யாரும் இல்லை. வண்டியை உதைக்கிறவன் மட்டும். முறிந்தால் இந்தப் பெண் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும், ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவது எனக்குப் பெருமை, இவளுக்கு அப்படி இல்லை, இவளைப் பெண் பார்க்க வருகிறவன் கேட்பான், கம்ப்யூட்டர் கேஸ் என்றால் என்ன என்று. பயம். இதுதான் பயம். மைக் என் முன்னால் இருக்கிறது, வாயைத் திறந்தால் வருவதெல்லாம் மேடை. வேறொன்றும் இல்லை உள்ளே. அறவழி, ஜனநாயகம், களம், உரிமைக்குரல், எதை எடுத்தாலும் கத்தி முனை, எல்லாச் சொல்லையும் நாங்கள் போரிலிருந்துதான் எடுத்துவந்தோம், போராட்டம் என்பதிலேயே போர் இருக்கிறது, எடுத்துவந்து தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்துவிட்டு, மழுங்கியதை மழுங்கியது என்று தெரியாத ஒன்றிடம் கொடுத்திருக்கிறோம்.

"தோழர்," என்றாள் சுகுணா. மைக்கை என் பக்கமிருந்து கொஞ்சம் தன் பக்கம் நகர்த்தி நடுவில் வைத்தாள். "அதப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. வியாழக்கிழம நா என்ன செய்யணும்?" என்ன கேட்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டாள், அதே மாதிரி, தெரியாதவள் மாதிரி. "வேலைக்குப் போகவேணாம்மா" என்றேன். "வீட்லயே இருக்கறதா?" "வீட்ல இரு." "கேட்டு, கார்டு, கம்ப்யூட்டரு, எதையாச்சும் தொடணுமா?" "எதையும் தொடவேணாம்." "அப்பறம்?" அப்புறம். அப்புறம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, திலகத்தைத் தவிர, நாளைக்குப் போகலையா, அப்பறம் எப்பப் போவே என்று, அவளுக்கு அப்போதெல்லாம் நான் ஒரு பேச்சுப் பேசுவேன், பதில் சொன்னதில்லை. "வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் போயிடலாம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மைக் இல்லாமல் பேசுகிறவனின் குரல், கிழவனுடையது. பிரசன்னா சட்டென்று அனுப்புகிற பொத்தானை அழுத்தினான்.

பச்சை. இவ்வளவு சீக்கிரம் வந்தது, வளையம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. பிரசன்னா படித்தான்: அபாயம் இல்லை. வகை, விடுப்பு விண்ணப்பம். சங்க உறுப்பினர்கள், வியாழன், ஒரு நாள். விடுப்பு விண்ணப்பம். லீவு லெட்டர். நான் வாழ்க்கையில் எழுதாதது. எழுந்துவிட வேண்டும் என்று கால் சொன்னது, எழுந்து, தம்பி, இது வேலைநிறுத்தம், லீவு இல்லை, எங்கள் உரிமைக்கு உன் அனுமதி தேவையில்லை என்று, அந்த வாக்கியம் முழுதாக உள்ளே தயாராக நின்றது, நன்றாகத்தான் இருந்தது, முடிவில் நிறுத்தும் இடம்கூடத் தெரிந்தது. சோய் திரையைப் படித்தார். மெதுவாக, விரலை வரிக்குக் கீழே ஓட்டிப் படித்தார். ஓகே என்றார். ஏதோ ஒன்றை அழுத்தினார். அனுமதித்துவிட்டார் சார், என்றான் பிரசன்னா, அவனுக்கே நம்பிக்கை வரவில்லை, காலையில் கார்டு திறந்துவிடும், புகார் போகாது, அக்கா நீங்க டூட்டிக்கு வந்துடலாம். சுகுணா முகத்தை மூடிக்கொண்டாள், மூடிய கைக்குள்ளிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். நான் பார்த்த வேலைநிறுத்தங்களிலேயே முதலாளி முன்கூட்டி அனுமதி கொடுத்தது இது ஒன்றுதான். கமிட்டியில் சொன்னால் வெற்றி என்று போஸ்டர் அடிப்பார்கள். அடிக்கட்டும். நாற்காலியிலிருந்து முதுகைப் பிய்த்தேன், சட்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, கிழியவில்லை.

ஒரே ஒரு விஷயம் பாக்கி சார், என்றான் பிரசன்னா, இதை முடிக்க அது காரணம் கேட்கிறது. திரையில் ஒரு வெற்றுக் கட்டம், அதில் ஒரு கோடு மினுக் மினுக் என்று நின்று அடிக்கிறது. உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம், ஏதாவது சொல்லுங்கள், எதுவானாலும் பரவாயில்லை. சாந்தகுமாரி அம்மா என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். காரணம். நோட்டீஸ் முழுக்கக் காரணம்தான், இரண்டு பக்கத்துக்கு, பறிக்கப்பட்ட ஓய்வு, லைனின் வேகம், சாய்வதற்கு இல்லாத சுவர், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு ஆச்சரியக்குறி. எல்லாம் வரிசையாக வந்து நின்றன, எதையும் எடுக்கமுடியவில்லை, எதை எடுத்தாலும் இந்தப் பச்சை போய்விடும். சுகுணாவின் கணுக்கால் கண்ணில் பட்டது, செருப்பு வாருக்கு மேலே வீங்கி, வார் பதிந்த கோடு. என் கால்களும் அப்படித்தான் இருக்கின்றன, பார்த்தே வெகுநாள் ஆகிறது. "களைப்பு" என்றேன். பிரசன்னா நிமிர்ந்தான். "களைப்புன்னு போடு தம்பி."

போட்டான். பச்சை மாறவில்லை. கொரிய எழுத்தில் அது சின்னதாக இருந்தது. சோய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் படித்தார், மூக்கின்மேல் கண்ணாடி அழுத்திய இரண்டு சிவந்த பள்ளம், அதைத் தேய்த்துக்கொண்டே யாரிடமும் இல்லாமல் வாய்க்குள் ஏதோ சொன்னார். "நாதோ." மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. வளையம் ஒரு தரம் சுற்றியது, கீழே தமிழில் ஒரே ஒரு சொல் வந்தது: நானும். அபாயம் இல்லை. சுகுணா என் பக்கம் திரும்பினாள், நான் என்ன சொல்வேன் என்று பார்க்க. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த நிமிஷமும் அது சிவப்பாகும் என்று.